நீ போடாத அலர்ட்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணியதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே எடிசனில் அனைவரும் நலம். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறாள். குளிருக்குப் பயந்து வெளியே தலைகாட்டுவதில்லை.

கார் லோனுக்குப் போன இடத்தில், உன் கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது உன் கடன் வரலாற்று அறிக்கையில், ஃப்ராடு அலர்ட் (மோசடி எச்சரிக்கை) இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் எனக்குத் திக்கென்றது. நீ போடவே இல்லை என்கிறாய். முதலில் உன் வீட்டுக்காரரைக் கேட்டுப் பார். இருவருக்கும் சேர்த்து அவர் போட்டிருக்கலாம். இந்த ரிப்போர்ட்டை வைத்திருக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கம்பெனிகளில் ஒன்றில் போட்டாலே போதும், மற்ற இரண்டுக்கும் அவர்களே சொல்லிவிடுவார்கள். சாதாரண அலர்ட் ஒரு வருஷம் இருக்கும்.

அவர் இல்லையென்றால்தான் யோசிக்க வேண்டும். அலர்ட்டை உடனே எடுக்கச் சொல்லி அவசரப்படாதே, வசந்தி. ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காமில் மூன்று ரிப்போர்ட்டையும் இறக்கிக்கொள். காசு கிடையாது, வாராவாரம்கூட எடுக்கலாம். அதில் அலர்ட் வாசகத்தைத் தேடிப் படி. "என்னைத் தொடர்புகொள்ளாமல் என் பெயரில் கடன் கொடுக்காதீர்கள்" என்கிற மாதிரி எழுதி, பக்கத்தில் ஒரு போன் நம்பர் இருக்கும். அந்த நம்பர் யாருடையது என்று பார். நீங்கள் விட்டுவிட்ட பழைய நம்பர் என்றால் பெரிய பயமில்லை. பேங்க் கூப்பிட்டும் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள், அதனால் லோன் நின்றிருக்கும். உனக்குத் தெரியாத நம்பர் என்றால் விஷயமே வேறு. உன் சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் பிறந்த தேதியும் கையில் உள்ள ஒருவன் தன் நம்பரைக் கொடுத்து அலர்ட் போட்டிருந்தால், சரிபார்க்கக் கூப்பிடும் பேங்க் அவனிடம்தான் பேசும். உன்னைப் பாதுகாப்பதற்காக வைத்த பூட்டின் சாவி அவன் கையில்! 2017இல் ஈக்விஃபாக்ஸிலிருந்து மட்டும் சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் களவு போயின. நம் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் ரகசியம் என்று இனி நம்புவதற்கில்லை.

அலர்ட்டில் உள்ளது தெரியாத நம்பராக இருந்தால் மூன்று இடத்திலும் ஃப்ரீஸ் போடு, அதாவது உன் ரிப்போர்ட்டைப் புதிதாகக் கடன் கொடுப்பவர்கள் பார்க்க முடியாதபடி பூட்டிவிடு. இது அலர்ட் மாதிரி இல்லை, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் போட வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து இலவசம். கார் லோனுக்கு வேண்டும்போது ஆன்லைனிலோ போனிலோ கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் விலக்கித் தர வேண்டும் என்பது சட்டம். பிறகு ரிப்போர்ட்டில் நீ திறக்காத கணக்கு, நீ கேட்காத கடனுக்காக யாராவது உன் ரிப்போர்ட்டைப் பார்த்த விசாரணை ஏதாவது இருக்கிறதா என்று வரிவரியாகப் பார். இருந்தால் ஐடென்டிட்டி தெஃப்ட் டாட் கவ்வில் புகார் கொடு. அந்தப் புகாரை வைத்து ஏழு வருஷத்து அலர்ட்டே வாங்கலாம், இந்த முறை உன் சரியான நம்பரோடு.

சின்னவனுக்குப் பதினொன்றுதானே? பதினாறு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரே பிள்ளை பெயரில் ஃப்ரீஸ் போடலாம். குழந்தைகளின் சோஷியல் செக்யூரிட்டி நம்பரைத் திருடினால் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. என் மனசுக்கு அதுதான் ரொம்பப் பயமாக இருக்கிறது. கையோடு அவனுக்கும் முடித்துவிடு.

சனிக்கிழமை மாலை கூப்பிடுகிறேன். ரிப்போர்ட்டை எடுத்து வைத்திரு, சேர்ந்தே பார்க்கலாம்.

அன்புடன்,
மீனா