கயிறு பிடிக்க நீ வரவேண்டும்

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து மறுபடி கடற்கரை வரை நடந்து போகிறார் என்று படித்ததும் மனசு லேசானது. காலேஜ் லீவில் தூத்துக்குடி வந்தபோது, காலில் துடுப்பு மாதிரி தகட்டைக் கட்டிக்கொண்டு அவர் சங்கு குளிக்கப் போனதை நாம் இருவரும் வள்ளத்தில் உட்கார்ந்து பார்த்தோமே, அது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மேலே வந்ததும் சங்கைப் பலகையில் வைத்துவிட்டு, மூக்கைச் சிந்தி, ஒன்றும் நடக்காத மாதிரி வெற்றிலை கேட்டார். எனக்குக் கடல் ஆசை பிடித்தது அன்றைக்குத்தான்.

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு 12 வயது முடிந்துவிட்டது. ரேஸ்கோர்ஸ் நீச்சல் குளத்துக்குத் தினமும் காலையில் போகிறாள். சோழவந்தான் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நான் பழகிய நீச்சலைவிட அவளுடையது எவ்வளவோ சுத்தம். சின்னவனுக்கு 8. அவனுக்குத் தண்ணீரைவிட மணலைத் தோண்டுவதில்தான் விருப்பம்.

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும் நாங்கள் நாலு பேரும் பத்து நாள் பாலிக்குப் போகலாம் என்று இருக்கிறோம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் ஒன்று கேட்கவும் வேண்டும்.

போன வருஷம் குடும்பத்தோடு போன இடத்தில் என்ன நடந்தது என்று உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. படகில் போய் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இரண்டு டைவ், 11 மணிக்குக் கரை என்றார்கள். இஞ்சின் மக்கர் செய்து, நாங்கள் திரும்பும்போது மணி 3. கரைக்குத் தகவல் சொல்ல வழியில்லை. நான் இறங்கி வந்தபோது உன் தங்கச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னவனுடைய ஈரச் சட்டை அவள் கையில் இருந்தது. அதை முறுக்கி முறுக்கிக் கயிறு மாதிரி ஆக்கியிருந்தாள். காலையிலிருந்து பிள்ளைகளுக்கு அவள் எதையோ வாங்கிக் கொடுத்திருக்கிறாள், தான் மட்டும் சாப்பிடவில்லை. அந்தச் சட்டையைப் பார்த்த இடத்திலேயே முடிவு செய்தேன். இனி குடும்பத்தோடு போகிற ஊரில், அவள் பார்க்க இறங்கி அவள் பார்க்க ஏறுகிற டைவ் மட்டும்தான்.

முதலில் திருகோணமலையைத்தான் நினைத்தோம். பக்கத்து நாடு, பேச்சும் தமிழ். மதுரையில் பாண்டியன் சுரத்தைத் தீர்த்த சம்பந்தர் பாடிய கோணேசர் கோவில் அங்கே இருப்பதால் உன் தங்கச்சிக்கும் ஆசை. கோவில் நிற்கிற சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள்ளேயே பழைய கோவிலின் தூண்கள் கிடக்கின்றன. ஆனால் கப்பல் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே மட்டக்களப்புப் பக்கம் போகவேண்டும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. என் 30 மீட்டர் சான்றிதழுக்கு அது எட்டாது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் ஆழம் குறைவுதான், ஆனால் அதற்கும் படகுதான் வேண்டும். மறுபடியும் ஒரு படகு, மறுபடியும் கரையில் ஒரு காத்திருப்பு. கோணேசரை வேறொரு வருஷம் தரிசிப்போம் என்று விட்டுவிட்டோம்.

பாலியின் வடகிழக்குக் கரையில் துலாம்பென் என்று ஒரு மீனவக் கிராமம். கரையிலிருந்து முப்பது, நாற்பது மீட்டர் நீந்தினால் போதும், லிபர்ட்டி கிடக்கிறது. 1918ல் கட்டிய அமெரிக்கச் சரக்குக் கப்பல், நீளம் 120 மீட்டருக்கு மேல். ரப்பரும் ரயில் சாமான்களும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் போகும் வழியில், 1942 ஜனவரி 11 அன்று லொம்போக் நீரிணைக்குப் பக்கத்தில் ஜப்பானின் ஐ-166 நீர்மூழ்கி அதை டார்ப்பிடோவால் அடித்தது. இரண்டு போர்க்கப்பல்கள் கட்டி இழுத்து வந்தன. தண்ணீர் ஏறிக்கொண்டே போனதால், சரக்கையாவது காப்பாற்றலாம் என்று துலாம்பென் கரையில் ஏற்றிவிட்டார்கள். அங்கேயே 21 வருஷம் கிடந்தது. 1963ல் ஆகுங் எரிமலை வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த அதிர்வில் கப்பல் கரையிலிருந்து சரிந்து கடலுக்குள் போய்விட்டது. டார்ப்பிடோ வாங்கியும் கரைக்கு வந்து சேர்ந்த கப்பலை மலை திரும்பக் கடலில் தள்ளியிருக்கிறது. இதைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இப்போது அதன் மேற்பகுதி 5 மீட்டர் ஆழத்தில், அடிப்பகுதி 30 மீட்டருக்குப் பக்கத்தில். சரிவில் கிடப்பதால் கணக்குப் போட வசதி. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று. 50 பாரைத் தொடாமல் வைத்தால் மீதி 1,650 லிட்டர். நான் மேலே நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவன். 20 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தத்தால் அது 60 ஆகிவிடும், 27 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். 10 மீட்டரில் 40 லிட்டர்தான், 41 நிமிஷம் வரும். அதனால் முதல் கால் மணி நேரம் ஆழத்தில், அப்புறம் கப்பலை ஒட்டியே மெல்ல மேலே ஏறி வருவது, கடைசியில் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற 5 மீட்டரில் 3 நிமிஷம் நிற்பது. நீ என்னைவிடக் குறைவாக இழுப்பாய், அது பரம்பரைச் சொத்து.

இறங்கும் நேரம் காலை ஆறரை. கடல் அப்போதுதான் அடங்கியிருக்கும். தெற்கே இருக்கிற ஊர்களிலிருந்து வேனில் வருகிற கூட்டம் ஒன்பது மணிக்கு மேல்தான் வந்து சேரும். நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் ராத்திரி கப்பலுக்குள் அடைந்து, விடிந்ததும் கூட்டமாக வெளியே கிளம்புமாம். எட்டு மணிக்குள் நாம் மேலே வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து இட்லிக்குப் பதில் அந்த ஊர்ச் சோற்றைச் சாப்பிடலாம். கரை முழுக்க உருண்டைக் கருங்கற்கள். அலை இழுக்கும்போது காலடியில் உருளும். அதனால் தடித்த அடி உள்ள பூட்ஸ் வேண்டும், ஃபின் என்கிற கால் துடுப்பை இடுப்பளவு தண்ணீரில்தான் மாட்டவேண்டும். அந்தக் கல் மேல் ஊர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் படத்தில் பார்த்தேன். நம்மூர் நடவுக்காரிகளின் அதே நடை. அவர்களுக்குக் கூலி போக மேலேயும் கொடுக்கவேண்டும்.

பெரியவளுக்கு இந்த மாதம் பாண்டிச்சேரியில் பயிற்சி முடிகிறது. 12 வயதில் பெரியவர் துணையோடு 18 மீட்டர் வரை விதி அனுமதிக்கிறது. நான் 12 மீட்டருக்குக் கீழே அவளை விடமாட்டேன். அந்த ஆழத்திலேயே கப்பலில் பாதியைப் பார்த்துவிடலாம். உன் தங்கச்சிக்கும் சின்னவனுக்கும் அமெட் பக்கம் பன்யூனிங்கில் ஒரு சின்ன ஜப்பானியக் கப்பல் இருக்கிறது. மாஸ்க் மாட்டிக்கொண்டு மேலே மிதந்தபடியே பார்க்கலாம். அமெட்டில் மரத்தொட்டிகளில் கடல்நீரைக் காயவைத்து உப்பு எடுக்கிறார்கள். உப்பளத்துப் பக்கம் வளர்ந்தவன் நீ, சின்னவனுக்கு நீதான் அதைக் காட்டவேண்டும்.

கோவில், மலை எல்லாவற்றையும் முதல் மூன்று நாளில் முடித்துவிடுகிறோம். பெசாகி கோவில் ஆகுங் மலைச் சரிவில் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டைவ் செய்த உடம்பில் நைட்ரஜன் தங்கியிருக்கும்போது அவ்வளவு உயரம் ஏறக்கூடாது. ராமேஸ்வரத்தில் காலையில் டைவ் செய்துவிட்டு அன்றைக்கே கொடைக்கானல் கிளம்பும் பையன்களை நானே பார்த்திருக்கிறேன். சொன்னால் சிரிக்கிறார்கள். விமானமும் அதே மாதிரிதான். பல நாள் டைவ் செய்தால் குறைந்தது 18 மணி நேரம் என்பது விதி, நான் 24 என்று வைத்திருக்கிறேன். கடைசி நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு. நைட்ரஜன் கோளாறு வந்தால் சிகிச்சை தரும் அழுத்த அறை பாலியின் தலைநகரான தென்பசாரில்தான், துலாம்பெனிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். அதற்கு வேலை வைக்காமல் இருக்கவேண்டும்.

காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சளியை மாத்திரையில் அடக்கிக்கொண்டு இறங்கினேன். கூட வந்த கைடு ஒன்றும் ஆகாது என்று அவசரப்படுத்தினார். 7 மீட்டரில் காதுக்குள் ஊசி இறங்கிய மாதிரி ஒரு வலி. மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றினால் உள்ளே ரத்தம். மூன்று வாரம் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது போலவே கேட்டது. இந்தத் தடவை கிளம்புமுன் காது டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வருவேன். அங்கே போய்ச் சளி பிடித்தால் கரையில் உட்கார்ந்துவிடுவேன். உன் அப்பா அன்று வள்ளத்தில் சொன்னது உனக்கு நினைவிருக்கும்: காது வழிவிட்டால் போ, இல்லாவிட்டால் கடல் நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

அன்று ராத்திரி அவர் இன்னொன்றும் சொன்னார். முத்துக் குளிக்கிற காலத்தில் இறங்குகிறவனுடைய கயிற்றை மேலே மச்சான்தான் பிடிப்பானாம். தன் தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று தெரிந்தவன் கண்ணை எடுக்கமாட்டான். நாம் மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தது அந்த ராத்திரியில் இருந்துதான். இப்போது கயிறு கிடையாது, பக்கத்தில் நீந்துகிற ஜோடி இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரை ஜோடியாக வைத்து நான் லிபர்ட்டிக்குள் போனால் உன் தங்கச்சி மறுபடி சட்டையை முறுக்குவாள். நீ பக்கத்தில் இருக்கிறாய் என்றால் சாப்பிடுவாள். அவளே நேற்று அப்படித்தான் சொன்னாள்.

மே மூன்றாவது வாரம். துலாம்பெனில் நாலு நாள். நீ இருக்கிற சிங்கப்பூரிலிருந்து தென்பசாருக்கு இரண்டரை மணி நேரம்தான். உன் வீட்டிலுள்ள என் தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. லீவு கிடைக்குமா என்று கேட்டுவிட்டு எழுது. உன் பதில் வந்த பிறகுதான் நான் டிக்கெட் எடுப்பேன்.

அப்பாவிடம் பேசும்போது நான் கேட்டதாகச் சொல். அவருக்குப் பிடித்த வெற்றிலை சோழவந்தானிலிருந்து அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

உன் மச்சான்