பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோழவந்தானில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். வெற்றிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு விடியுமுன் மதுரைக்குக் கிளம்பும் லோடு ஆட்டோக்களும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் ஆட்டோக்களும்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. செல்ஃப் எடுக்கவில்லை என்றால் உடனே "பேட்டரி போய்விட்டது, புதிது போடு" என்று சொல்வது நம் பக்கத்தில் ஊறிப்போன வழக்கம். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுக்காமலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எய்தவன் இருக்க அம்பை நோகிறோம்.

அண்மையில் தென்கரைக்காரர் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பேட்டரி புத்தம் புதிது. ஏதோ ஒரு கடையில் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஹெட்லைட்டைப் போட்டால் ஹாரன் முனகுகிறது. எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தேன். 12.2 வோல்ட். ஆக்ஸிலேட்டரை முறுக்கியும் ஏறவில்லை. ஃபிளைவீல் என்கிற காந்தத்தட்டுக்குள் இருந்து மின்சாரம் தரும் காயிலின் கப்ளரைக் கழற்றி, மீட்டரை ஏ.சி.க்குத் திருப்பிப் பார்த்தால், முறுக்க முறுக்க வோல்ட் ஏறுகிறது. காயிலில் குறையில்லை. மிச்சம் இருப்பது ஆர்.ஆர். யூனிட். காயில் தரும் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி, அளவுக்கு மீறாமல் பிடித்துவைக்கும் சின்ன அலுமினியப் பெட்டி அது. அதைக் கழற்றினால், எர்த் ஆகவேண்டிய போல்ட்டுக்கு அடியில் பச்சைப் பெயிண்ட். பாடிக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் அந்த இடத்தையும் விட்டுவைக்கவில்லை. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து மாட்டினேன், மீட்டர் 14.1 காட்டியது. அவருடைய பழைய பேட்டரி அதற்குள் எடைக்குப் போய், ஈயம் உருக்கும் உலைக்கே சேர்ந்திருக்கும்.

வண்டி ஓட்டுகிறவர்கள் சில எண்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12க்குக் கீழே இருந்தால் சார்ஜ் தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். செத்துவிட்டது என்று பொருளில்லை. சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றிய பிறகு செல்ஃப் அடித்துப் பாருங்கள். அப்போதும் 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். எஞ்சினை ஓரளவு வேகத்தில் ஓடவிட்டால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 15ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் கட்டுப்பாடு இழந்துவிட்டது. பேட்டரித் தண்ணீர் வற்றும், பல்புகள் அடுத்தடுத்து போகும். அதற்கும் பழி பேட்டரி மேல்தான் விழுகிறது.

இன்னொரு வைத்தியமும் நடக்கிறது. எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, "வண்டி நிற்கவில்லை, சார்ஜிங் நன்றாக இருக்கிறது" என்கிறார்கள். பல வண்டிகளில் பிளக்குக்கான மின்சாரம் காந்தத்தட்டுக் காயிலிலிருந்து நேராக வருகிறது. பேட்டரியே இல்லாவிட்டாலும் எஞ்சின் ஓடும். அந்தச் சோதனையால் எதுவும் தெரியாது. தாங்குவதற்குப் பேட்டரி இல்லாமல் வோல்ட் எகிறி, நன்றாக இருந்த ஆர்.ஆர். யூனிட்டும் கருகலாம். வயரைப் பாடியில் உரசிப் பொறி பார்ப்பதும் இதே ரகம். இதைத் தொழில் என்று சொல்லிக் கூலியும் வாங்குகிறார்கள்!

பேட்டரி விற்பனையாளர்களுக்கு உங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். வாரண்டி அட்டையில் தேதியும் வண்டி எண்ணும் எழுதும் கை, பழைய பேட்டரியின் வோல்ட்டையும் எஞ்சின் ஓடும்போது வரும் வோல்ட்டையும் சேர்த்து எழுதினால் தேய்ந்தா போய்விடும்? அந்த இரண்டு எண்களையும் எழுதித் தராத கடையில் வாங்க வேண்டாம் என்று ஓட்டுநர் சங்கங்கள் முடிவெடுக்கலாம். சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. ஸ்டாண்டுக்கு ஒன்று வாங்கி வைத்தால், கடைக்காரர் எழுதியது சரிதானா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.