அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை வேண்டாம்

வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்கு விமான டிக்கெட் எடுத்து அனுப்பும் பிள்ளைகளுக்கு,

வணக்கம். மருமகளின் பிரசவத்துக்காக, உங்கள் தாய்மார்களைப் போல நானும் ஒருமுறை புறப்பட்டேன். சென்னையிலிருந்து துபாய் 4 மணி நேரம்; அங்கிருந்து நியூயார்க் 14 மணி நேரம். அம்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு வரட்டும் என்று மகன் ஆசையாக ஜன்னலோர இருக்கை எடுத்திருந்தான். பக்கத்தில் இருவர் அயர்ந்து தூங்கினார்கள். எழுப்பக் கூச்சம். கழிப்பறைக்குப் போக நேருமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கிக் கனத்தது. குளிரில் நரம்பு இழுத்துக்கொண்டது என்று தைலம் தேய்த்தேன். "ஒரு கால் மட்டும் ஏன் அத்தை வீங்க வேண்டும்?" என்று கேட்டு, நிறைமாதக்காரி மருமகள்தான் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். ஸ்கேனில், காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் சிரை என்ற ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி. அது நகர்ந்து நுரையீரலை அடைத்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

எனக்கு முழங்கால் மாற்று அறுவை முடிந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. அது மகனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கும் பயணத்துக்கும் தொடர்பு உண்டு என்பதுதான் இருவருக்கும் தெரியவில்லை.

கால் ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைச் சதை. அது அசையாவிட்டால் ரத்தம் தேங்கி உறையக்கூடும். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. பஸ், ரயில், காருக்கும் இது பொருந்தும். அப்போதும் ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும். பயந்து பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், முன்பே ரத்தக்கட்டி வந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறை வேண்டுமா, எந்த அளவு என்பதை அவரே சொல்லட்டும். யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரின் விழுங்க வேண்டாம்.

நடைபாதை ஓர இருக்கையாக எடுங்கள். மணிக்கொரு முறை எழுந்து நடக்கவும், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்கவும் சொல்லிக்கொடுங்கள். மொழி தெரியாதே என்று சக்கர நாற்காலி பதிவு செய்கிறீர்கள், நல்லதுதான். ஆனால் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை அம்மா உட்கார்ந்தே வருகிறாள். இடையில் இறங்கும் விமான நிலையத்திலாவது சற்று நடக்கட்டும்.

வந்து சேர்ந்த பிறகும் சில வாரங்களுக்குக் காலைப் பற்றி விசாரியுங்கள். வீக்கம் என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ என்றால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து ஒரு பாட்டி