மூக்குக்கு எங்கிருந்து குருத்தெலும்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

மூக்கு சீரமைப்பு அறுவை பற்றிய உங்கள் கட்டுரை, மூக்கைத் தூக்கிக்காட்ட உள்ளே வைக்கும் சிலிகானைப் பற்றியே நிறையப் பேசியது. அதற்குப் பதிலாக வைக்கக்கூடிய நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புக்கு ஒரே வரிதான். சிலிகான் பல ஆண்டுகள் கழித்தும் தொற்றுக்கு உள்ளாகலாம், தோலைத் துளைத்து வெளியே வரலாம். சொந்தக் குருத்தெலும்பில் அந்த அபாயம் மிகக் குறைவு.

மருத்துவர்கள் முதலில் நாடுவது மூக்கின் நடுத்தடுப்பைத்தான். நேராக, உறுதியாக இருக்கும். வேறு இடத்தில் கீறவும் வேண்டாம். ஆனால் அதன் மேல், முன் விளிம்புகளில் சுமார் 1 செ.மீ. அகலத்தை விட்டுவைக்க வேண்டும். பேராசைப்பட்டு எடுத்தால் கூரை தாங்கும் உத்தரத்தை உருவியது போலத்தான், மூக்கு அமுங்கிவிடும். காதுக் குருத்தெலும்பு வளைந்தது, மென்மையானது. நாசி மடலுக்கு, அதாவது மூக்குத் துளையின் வெளிப்பக்கச் சுவருக்குப் பொருந்தும், பெரிய தாங்கலுக்குப் போதாது. விபத்தில் சிதைந்த மூக்குக்கும் மறு அறுவைக்கும் பெரும்பாலும் விலாக் குருத்தெலும்புதான் கைகொடுக்கிறது. தாராளமாகக் கிடைக்கும். என்றாலும் நாளடைவில் வளையக்கூடும்; மார்பில் வலியும் தழும்பும் உண்டு; வயதானவர்களுக்கு அது சுண்ணம் படிந்து இறுகியிருக்கும்.

இன்னொன்று, இப்படி எடுத்து வைக்கும் குருத்தெலும்பு ஒட்டு அழகுக்கு மட்டுமல்ல. குறுகிய மூச்சுப்பாதையை விரிக்கவும் இதையே வைக்கிறார்கள். கட்டுரையில் அது அறவே இல்லை. எங்கிருந்து எடுப்பீர்கள், போதாவிட்டால் அடுத்து எங்கே என்று அறுவைக்கு முன்பே கேட்கும்படி வாசகர்களிடம் சொல்லியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்