பாஸ் சொன்ன பிறகும் வாய்ப்பு திரும்பி வரும் என்பதைச் சண்டைப் பக்கத்திலேயே எழுதுங்கள்

‘வாம்பயர்: தி எடர்னல் ஸ்ட்ரகிள்’ கார்டு விளையாட்டின் விதிகளை எழுதித் திருத்தும் குழுவினருக்கு,

வணக்கம். ரேஞ்சுக்கு முன், ரேஞ்ச் (சண்டையின் தூரம்), ஸ்ட்ரைக்குக்கு முன், ஸ்ட்ரைக் (அடி), கூடுதல் ஸ்ட்ரைக், பிரெஸ் (இன்னொரு சுற்று தொடருமா என்ற முடிவு), சுற்றின் முடிவு என்று சண்டைக் கட்டங்கள் உங்களுக்கு மனப்பாடம். அவற்றை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வரவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் யார் முதலில் கார்டு போடலாம், பாஸ் (இப்போது எதுவும் போடவில்லை) என்று சொன்னால் என்ன ஆகும், கட்டம் எப்போது மூடுகிறது என்பதைச் சண்டை பற்றிய பக்கத்திலேயே அச்சிட்டுத் தாருங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

எழுத வைத்தது ஒரு போட்டியில் கண்ணெதிரே நடந்த விஷயம். ஐந்து பேர் மேஜை. விளையாட்டுக்குப் புதிதாக வந்த ஒரு கல்லூரி மாணவி தன் பிரே, அதாவது தான் வீழ்த்த வேண்டிய இடப்பக்கத்து ஆட்டக்காரர், மீது பிளீட் (அவரை வெளியேற்றுவதற்கான தாக்குதல்) எடுத்தார். பிரேயின் வாம்பயர் தடுத்தது. அதன் மேல் மிச்சம் இருந்தது ஒரே ஒரு இரத்தம். மாணவியின் கையில் வலிமையைக் கூட்டும் ‘டோர்ன் சைன்போஸ்ட்’ இருந்தது. ரேஞ்சுக்கு முன் போட வேண்டிய கார்டு. எதிராளி என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துவிட்டுப் போடலாம் என நினைத்து “பாஸ்” என்றார். எதிராளி ‘கேரியன் க்ரோஸ்’ போட்டார். அதுவும் ரேஞ்சுக்கு முன் போடுவதுதான். உடனே மாணவி டோர்ன் சைன்போஸ்ட்டை மேஜையில் வைத்தார்.

“நீங்கள்தான் பாஸ் சொல்லிவிட்டீர்களே” என்றார் எதிராளி. அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அப்படித்தான் விதி என்று அவர் உண்மையாகவே நம்பினார். நடுவரைக் கூப்பிட்டோம். அவர் விதிப் புத்தகத்தில் சண்டைப் பகுதியைத் திறந்தார், மேலும் கீழும் தேடினார், பிறகு எதிராளி சொன்னதே சரி என்று தீர்ப்புச் சொன்னார். கார்டு கைக்குத் திரும்பியது. வெறும் கை அடி, ஒரு சேதம். எதிராளியின் வாம்பயர் இருந்த ஒரு இரத்தத்தைச் செலவழித்துக் காயத்தை ஆற்றிக்கொண்டு நின்றது. டோர்ன் சைன்போஸ்ட் இருந்திருந்தால் ஆற்ற முடியாத சேதம் மிஞ்சியிருக்கும். அந்த வாம்பயர் நேராக டோர்பருக்கு (செயலற்றுக் கிடக்கும் நிலைக்கு) போயிருக்கும். அப்படிப் போகாத வாம்பயர் அடுத்த முறை வேட்டைக்குப் போய் இரத்தம் ஏற்றிக்கொண்டது, அப்புறம் மாணவி எடுத்த பிளீடை மறுபடியும் தடுத்தது. கொஞ்ச நேரத்தில் மாணவியின் பிரிடேட்டர் (அவரை வீழ்த்த வேண்டிய வலப்பக்கத்து ஆட்டக்காரர்) அவரை மேஜையைவிட்டே வெளியேற்றிவிட்டார்.

தீர்ப்பு தவறு என்பது உங்களுக்குத் தெரியும். ஆக்‌ஷன் எடுத்தவர் (இங்கே பிளீட் எடுத்த மாணவி) பாஸ் சொன்ன பிறகு வேறு யாராவது ஒரு கார்டு போட்டால், முதல் வாய்ப்பு மறுபடி ஆக்‌ஷன் எடுத்தவருக்கே வருகிறது. எல்லோரும் அடுத்தடுத்துப் பாஸ் சொன்னால்தான் அந்தக் கட்டம் மூடும். பழைய ஆட்டக்காரர்கள் இதை ‘இம்பல்ஸ்’ என்கிறார்கள், கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். ஆனால் இது இருப்பது ஆட்டத்தின் பொது ஒழுங்கைச் சொல்லும் பகுதியில். சண்டை நடக்கும்போது யாரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. இரண்டு மணி நேரம் மட்டுமே உள்ள ஒரு போட்டிச் சுற்றில், நான்கு பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நடுவர் எந்தப் பக்கத்தைத் திறப்பார்? சண்டைப் பக்கத்தைத்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த மாணவி தன் கார்டுகளை நிதானமாக டப்பாவில் அடுக்கி வைத்துவிட்டு, எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. தோற்றதற்காகப் போனவர் என்று நான் நினைக்கவில்லை. சரியாக விளையாடியும் தவறு உன்னுடையது என்று சொல்லப்பட்டவர் அவர்.

இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் சிக்கல் என்றால் இவ்வளவு எழுதமாட்டேன். சண்டையை முடிக்கும் ஸ்ட்ரைக் மற்ற எல்லா ஸ்ட்ரைக்குக்கும் முன்னால், ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்குக்கும் (சாதாரண அடிகளுக்கு முந்தி விழும் அடிக்கும்)கூட முன்னால் நடக்கிறது, இதுவரை தெளிவு. எதிராளி ‘மெஜஸ்டி’ போட்டுச் சண்டையை முடித்துவிட்டார். இப்போது சுற்றின் முடிவில் போடும் கார்டுக்கு வாய்ப்பு இருக்கிறதா? சண்டை முடியும்போது போடும் கார்டுக்கு? ‘சைக்கீ’ போட்டுப் புதிய சண்டையைத் தொடங்க நினைப்பவர் எந்த நொடியில் வாய் திறக்க வேண்டும்? பதில்கள் இருக்கின்றன. பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்ட தீர்ப்புகளில் ஆளுக்கொரு மூலையில் இருக்கின்றன. தேடி எடுக்கத் தெரிந்தவர் ஜெயிக்கிறார், தெரியாதவர் தோற்கிறார். ஆட்டத்திறமைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கார்டுகளின் வயதும் சேர்ந்துகொள்கிறது. 1994-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து, ‘ஜிஹாத்’ என்ற பெயரில் வந்தபோது அச்சான கார்டுகளை இன்றும் போட்டிக்குக் கொண்டுவரலாம். நல்ல விஷயம், அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். ஆனால் கையில் இருக்கும் கார்டில் ஒரு வாசகம், இன்று செல்லுபடியாகும் வாசகம் வேறு. புதியவர் கையில் இருப்பதைத்தானே படிப்பார்?

2010-ல் அச்சு நின்றபோது இந்த ஆட்டத்தைச் சாகவிடாமல் வைத்திருந்தவர்கள் ஆட்டக்காரர்கள். போட்டி நடத்தினார்கள், நடுவராக நின்றார்கள், கற்றுக்கொடுத்தார்கள், தாங்களே புதிய கார்டுகளைக்கூட உருவாக்கினார்கள். 2018-ல் மறுபடி அச்சுக்கு வந்தபோது நாங்கள் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அதன் பிறகு அழகான ஓவியங்களோடு புதிய டெக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஆசையாக வாங்குகிறோம். அவற்றோடு சண்டை நேரத்துக்கென்று ஒரே ஒரு தாள் வைக்க இத்தனை ஆண்டுகளில் முடியாமல் போனது ஏன் என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது என்று நம்புகிறேன். புதியவர்கள் வருவதில்லை என்ற புலம்பலைப் போட்டிக்குப் போட்டி கேட்கிறேன். வருகிறார்கள். நாம்தான் அவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

கோபம் எட்டிப் பார்த்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது விதி மாற்றம் அல்ல. இருக்கும் விதியை ஒரே தாளில், சண்டைப் பகுதியிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் போதும்: முதல் வாய்ப்பு யாருக்கு, ஒருவர் பாஸ் சொன்ன பிறகு மற்றவர் கார்டு போட்டால் வாய்ப்பு யாரிடம் திரும்புகிறது, சண்டை பாதியில் முடிந்தால் இந்தக் கட்டம் நடக்குமா நடக்காதா. கீழே டோர்ன் சைன்போஸ்ட், கேரியன் க்ரோஸ் போன்ற பழகிய கார்டுகளை வைத்து ஒரு சண்டையை முழுதாக நடத்திக் காட்டுங்கள். அடுத்த விதிப் புத்தகம் வரக் காலமாகும் என்றால், அதுவரை நடுவர்கள் மேஜையில் வைத்துக்கொள்ள அந்த ஒரு தாளையாவது முதலில் கொடுங்கள். வரைவு தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன், நீங்கள் சரிபார்த்தால் போதும்.

தயவுசெய்து அடுத்த போட்டிப் பருவம் தொடங்குவதற்குள் இதைச் செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டை நீண்ட காலமாக நேசித்து ஆடும் ஓர் ஆட்டக்காரர்