எழும்பூர் கிர்க்: கட்டியவரையும் கிணறுகளையும் மறக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எழும்பூரில் உள்ள, ‘கிர்க்’ (தேவாலயத்துக்கு ஸ்காட்லாந்து வழக்குச் சொல்) என்று அழைக்கப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பற்றி நாளிதழ்களில் எழுதும்போதெல்லாம் மூன்று விஷயங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன: லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் சாயல், உள்ளே நீலம் பூசிய குவிமாடம், வானளாவிய கோபுரம். கட்டியவரின் பெயர் ஒரே வரியில் வந்து போய்விடுகிறது. அந்தக் கட்டடம் இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்பதற்கான காரணமோ கண்ணில் படாமல் தரைக்கு அடியில் இருக்கிறது. இரண்டையும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல இந்தக் கடிதம்.

அதைக் கட்டிய தாமஸ் ஃபியட் டி ஹாவிலண்ட் ஆங்கிலக் கால்வாயில் உள்ள கெர்ன்ஸி தீவில் 1775இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் பொறியாளராகச் சேர்ந்தார். 1793 புதுச்சேரி முற்றுகை, அடுத்து இலங்கைப் படையெடுப்பு, 1801இல் ஜெனரல் பேர்டின் தலைமையில் எகிப்து என்று இளமைக் காலம் முழுவதும் போர்க்களத்தில் கழிந்தது. அன்றைய படைப் பொறியாளர் கோட்டைச் சுவரைத் தகர்க்கவும் வேண்டும், தகர்ந்ததைக் கட்டவும் வேண்டும். மண்ணைக் கண்ணால் பார்க்காமல் அதன்மேல் எதையும் ஏற்றக் கூடாது என்ற பழக்கம் அந்த வேலையில் ஊறியது. அவர் பின்னாளில் கட்டியவற்றில் இது நன்றாகவே தெரிகிறது.

1808இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தபோது, காவிரியின் குறுக்கே அகலமான செங்கல் வளைவுகளால் பாலம் கட்டலாம் என்றார். மேலிடம் நம்பவில்லை. தான் குடியிருந்த வீட்டுத் தோட்டத்திலேயே சுமார் 110 அடி அகலத்துக்கு ஒற்றைச் செங்கல் வளைவைக் கட்டிக் காட்டினார். சுண்ணாம்புக் கலவையில் இத்தனை அகலம் எடுப்பது விளையாட்டல்ல. சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். அடியில் கொடுத்த மரச்சாரத்தை அவசரப்பட்டு உருவினால் வளைவின் நடு இறங்கி, தோள்பட்டையில் விரிசல் விடும். இருபுறமும் தாங்கும் உதைசுவர் ஒரு விரற்கடை விலகினாலும் போதும், மொத்தமும் சரிந்துவிடும். டி ஹாவிலண்டின் வளைவு 1937இல்தான் விழுந்தது. ஏறக்குறைய 130 ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் தனியாக நின்றிருக்கிறது.

1809இல் கவர்னர் பார்லோவுக்கு எதிராக மதராஸ் படையின் ஐரோப்பிய அதிகாரிகள் கலகம் செய்தனர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்ததில் டி ஹாவிலண்டுக்கும் பங்கு இருந்ததால் பதவி போயிற்று. 1812இல் திரும்பக் கிடைத்தது. 1814இல் மதராஸுக்கு வந்து மாகாணத்தின் சிவில் பொறியாளராகவும் கட்டடக் கலைஞராகவும் பொறுப்பேற்றார். இன்று சென்னை அவருக்குக் கடன்பட்டிருப்பதெல்லாம் அடுத்த பத்துப் பதினோரு ஆண்டுகளில் நடந்த வேலைதான். கதீட்ரல் சாலையில் உள்ள செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலுக்கு வரைபடம் கால்டுவெல் என்ற மூத்த பொறியாளருடையது, கட்டி முடித்ததில் டி ஹாவிலண்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1818இல் காலமான அவருடைய மனைவி எலிசபெத் அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். ஜார்ஜ் டவுன் பக்கம் கரையை அலை அரித்துக்கொண்டே வந்ததைத் தடுக்கக் கல் கொட்டிக் கடலரண் அமைத்ததும் டி ஹாவிலண்டே.

அவருடைய திறமையெல்லாம் கூடி வந்த இடம் கிர்க். 1818 ஏப்ரல் 6இல் அடிக்கல் நாட்டி, 1821 பிப்ரவரி 25இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். இடமோ கூவத்தை ஒட்டிய சதுப்பு. மழைக்காலத்தில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் சுரக்கும் மண்ணில் வழக்கமான வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டி அஸ்திவாரம் போட முடியாது. அவர் எடுத்த வழி நம் ஊர்க்காரர்கள் நெடுங்காலமாக அறிந்த உறைகிணறு. சுமார் 150 கிணறுகள் இறக்கப்பட்டன. ஆழம் 14 அடி முதல் 50 அடி வரை வேறுபட்டது. ஒரே கட்டடத்தின் கீழ் இத்தனை வேறுபாடு ஏன் என்று பலர் கேட்கிறார்கள். கிணற்றின் ஆழத்தைத் தீர்மானிப்பது வரைபடம் அல்ல, கெட்டியான அடுக்கு எங்கே தட்டுகிறது என்பதுதான். சதுப்பில் அந்த அடுக்கு மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும்.

கிணறு இறக்கும் முறையை இன்றைய இளம் பொறியாளர்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். வன்மரத்தால் செய்த வளையச் சட்டத்தைத் தரையில் மட்டம் பார்த்து வைத்து, அதன்மேல் மூன்று நான்கு அடிக்கு வட்டமாகச் செங்கல் சுவர் எழுப்ப வேண்டும். கலவை இறுகும்வரை காத்திருந்து, பிறகு ஆளை உள்ளே இறக்கி நடுவிலிருந்து சுற்றிலும் ஒரே சீராக மண்ணை வாரினால் கிணறு தன் பாரத்தாலேயே இறங்கும். இறங்க இறங்க மேலே கட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு பக்கம் களி கெட்டியாக இருந்தால் கிணறு சாய ஆரம்பிக்கும். உயர்ந்து நிற்கும் பக்கத்தில் அதிகமாகத் தோண்டி, அந்தப் பக்கமே பாரம் ஏற்றி நிமிர்த்த வேண்டும். இதைச் சில அடிகளுக்குள் செய்யாவிட்டால் பிறகு நிமிர்த்தவே முடியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து தண்ணீர். வேலை சுலபமாகட்டும் என்று உள்ளே இருக்கும் நீரை முழுக்க இறைத்துவிட்டால், வெளியே உள்ள நீரின் அழுத்தம் அடிவழியாக மணலைத் தள்ளிக்கொண்டு பொங்கும். எவ்வளவு வாரினாலும் குறையாது. சுற்றுப்புறத் தரை உட்கார்ந்து, பக்கத்துக் கிணறும் கெடும். உள்நீரும் வெளிநீரும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி விட்டு, ஆள் முங்கித்தான் மண் எடுக்க வேண்டும். கெட்டி மண் வந்ததும் அடியை அடைக்கிறார்கள். வெறும் சுண்ணாம்பு தண்ணீருக்குள் இறுகாது. நன்றாகச் சுட்ட செங்கல்லைப் பொடித்த சுர்க்கியைச் சேர்த்தால்தான் பிடிக்கும். பிறகு செங்கல் ஜல்லியும் கலவையும் போட்டு நிரப்பி, மேலே சுவரையும் தூணையும் எழுப்ப வேண்டும். இப்படி முங்கியும் வாரியும் 150 கிணறுகளை இறக்கிய கூலியாட்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்பது மனத்தை உறுத்துகிறது.

இவ்வளவு பாடு ஏன் என்பது மேலே பார்த்தால் புரியும். நடு மண்டபம் வட்டம். குவிமாடத்தின் குறுக்களவு 51½ அடி. அதைத் தாங்குபவை வட்டமாக நிற்கும் 16 தூண்கள். கணக்குப் போட்டால் தூணுக்குத் தூண் ஏறக்குறைய 10 அடி. ஆழம் குறைந்த குவிமாடம் வெளிப்பக்கமாக உதைக்கும் விசை அதிகம், அதைச் சுற்றுப்பாதையின் கட்டுமானம் வாங்கிக்கொள்கிறது. பதினாறில் ஒரு தூண் அரை அங்குலம் உட்கார்ந்தாலும் குவிமாடத்தில் கீறல் ஓடும். இன்னொரு பக்கம் 166½ அடிக் கோபுரம் தன் எடை முழுவதையும் சின்ன இடத்தில் இறக்குகிறது. மண்டபமும் கோபுரமும் வெவ்வேறு அளவில் இறங்கினால் சேரும் இடத்தில் பிளவு நிச்சயம். கிணறுகள் கெட்டி மண்ணில் ஊன்றியிருப்பதால்தான் இரண்டும் ஒன்றாக நிற்கின்றன.

கரையானுக்கு அஞ்சிக் கூரையில் மரத்தைத் தவிர்த்ததும் டி ஹாவிலண்டின் முடிவு. அந்நாளில் மதராஸ் டெரஸ் என்றால் தேக்கு உத்திரத்தின்மேல் சிறு செங்கல்லை மூலைவாட்டில் அடுக்குவது. உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையில்தான் முதலில் உளுத்துப்போகும், வெளியே தெரியவும் தெரியாது. கூரையை முழுக்கச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் வளைத்துவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

இனி என் வேண்டுகோள். இவ்வகைக் கட்டடத்தில் பூச்சு உதிர்ந்தால் சிமென்ட் வைத்து ஒட்டுவது நகரெங்கும் நடக்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, செங்கல்லின் முகம் மாவாகக் கொட்டும். இரண்டு மூன்று மழைக்காலத்துக்குள் சிமென்ட்டும் பெயர்ந்து விழும், பழைய செங்கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. சரியான முறை மூன்று பூச்சு. முதலில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஒன்றரைப் பங்கு மணல், வெல்லத் தண்ணீரில் குழைத்து அரை அங்குல கனத்தில் பூச வேண்டும். இரண்டாவது மூன்று பங்கு சுண்ணாம்புக்கு ஒரு பங்கு வெண்மணல். மூன்றாவது நான்கு பங்கு கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு ஒரு பங்கு நுண்ணிய வெண்மணல், வெண்ணெய்போல் அரைத்தது. முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் நெய்யும் சேர்வது இந்தக் கடைசிப் பூச்சில்தான். பூசியதும் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றி, அடுத்த சில நாள்கள் வியர்க்கும் நீரைத் துணியால் ஒற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஒற்றுதலை விட்டுவிட்டால் பளபளப்பு மங்கித் திட்டுத்திட்டாகிவிடும். ஒப்பந்தத்தில் இந்த நாள்களுக்கான கூலியைத் தனியாக எழுதாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

இரண்டாவது, பக்கத்து மனைகளில் அடித்தளம் தோண்டும்போது நிலத்தடி நீரை மாதக்கணக்கில் இறைத்துத் தள்ளுவது. நீர் இறங்கினால் கிணறுகளைச் சுற்றியுள்ள களி சுருங்கும். அடியில் மரவளையம் இருந்தால் காற்றுப் பட்டு உளுக்கத் தொடங்கும். இப்படிப்பட்ட பாரம்பரியக் கட்டடங்களின் அருகே நீர் இறைக்க அனுமதி தரும் முன்பே சுவரில் அளவுக்குறி வைத்து, நீர்மட்டம் பார்க்கக் குழாய் இறக்கி, வாரம் ஒருமுறை இரண்டையும் பதிய வேண்டும். விரிசல் தெரிந்த பிறகு அளக்கத் தொடங்கினால் எங்கிருந்து இறங்கியது என்றே கண்டுபிடிக்க முடியாது.

அடுத்த முறை கிர்க்கைப் பற்றி வெளியிடும்போது டி ஹாவிலண்டின் பெயரோடு அந்த 150 கிணறுகளையும் படமாக வரைந்து போடுங்கள். நெடுக்குவெட்டுப் படம் ஒன்றே போதும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் விளங்கும்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்பில் உள்ள கட்டுமானப் பொறியாளர்,
சென்னை