2024-25 ஆண்டறிக்கை: பிராப் 28 காசு ஸ்கூலுக்கு வந்தாச்சு, நமக்கு?

எல்லாருக்கும் வணக்கம். நம்ம சங்கத்தோட செயலாளர் அறிக்கைய அஞ்சு நிமிஷத்துல முடிக்கணும்னு தலைவர் போன வாரமே சொல்லிட்டாரு. முடிக்கத்தான் பாக்கறேன், ஆனா பிராப் 28, அதாவது ஸ்கூல்ல கலை சொல்லித்தர காசு ஒதுக்கற கலிஃபோர்னியா சட்டம், அது பத்தி நம்ம வாட்ஸப் குரூப்ல ரெண்டு மாசமா ஓடுற சண்டைக்கு இங்க வெச்சு ஒரு பதில் சொல்லாம உக்காந்தேன்னா நாளைக்குக் காலைல மறுபடி "கலைக்கு வந்த காசு எங்க போச்சு"ன்னு ஆரம்பிப்பீங்க, எனக்குத் தெரியும்.

வழக்கமான கதைய முதல்ல முடிச்சிடறேன். பொங்கல் நல்லா நடந்துச்சு. சித்திரை விழாவுக்கு ஹால் கிடைக்காம மே மாசம் தள்ளிப் போச்சு. பறைப் பட்டறை ரெண்டு நாள், கும்மி ஒரு நாள், ரெண்டுக்கும் பிள்ளைங்களை விட அம்மாக்கள் கூட்டம் தான் ஜாஸ்தி. ஹால் வாடகை ஏறிடுச்சு, அத பொருளாளர் சொல்லுவாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். 2022 நவம்பர் 8 அன்னைக்கு கலிஃபோர்னியா பேலட்ல, அதாவது ஓட்டுச் சீட்டுல, பிராப் 28 இருந்துச்சு, ஞாபகம் இருக்கும். 100க்கு 64 பேர் ஆமான்னு போட்டாங்க, எதிர்த்து வோட்டர் கைடுல ஒரு கட்டுரை கூட வரல, அவ்வளவு நல்ல பிள்ளை அது. புது வரி எதுவும் கிடையாது. 1988ல வந்த பிராப் 98ன்படி ஸ்கூல்களுக்குப் போக வேண்டிய தொகை ஒண்ணு இருக்கு, அதுல 1 சதவீதத்துக்குச் சமமா வருஷா வருஷம் தனியா எடுத்து இசை, நடனம், நாடகம், ஓவியம் சொல்லித்தரக் குடுக்கணும். முதல் வருஷம் 2023-24ல 93 கோடியே 80 லட்சம் டாலர்.

இந்த நம்பரைத்தான் யாரோ "கலைஞர்களுக்கு 100 கோடி"ன்னு ஃபார்வர்ட் பண்ணி விட்டுட்டாங்க. கலைஞர்களுக்கு இல்லைங்க, ஸ்கூலுக்கு. 1978ல பிராப் 13 வந்து சொத்து வரிய இறுக்கிப் புடிச்சதுக்கு அப்புறம் இந்த ஊரு ஸ்கூல்கள்ல முதல்ல வெட்டு விழுந்ததே பாட்டு டீச்சர், ட்ராயிங் டீச்சர் மேலதான், அந்தப் பள்ளத்தை மூடத்தான் இது வந்துச்சு. நமக்கு ஏதாவது கிடைச்சா அது அந்தப் பள்ளத்துல இறங்கி வேலை செஞ்சாத்தான்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 500 பிள்ளைங்களும் அதுக்கு மேலயும் இருக்கற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னா, அதாவது ஒரு ஊர் ஸ்கூல்களை எல்லாம் சேத்து நடத்தற அமைப்புன்னா, வர்ற காசுல 80 சதவீதம் ஆள் வேலைக்கு வைக்கறதுக்கே போகணும், நிர்வாகச் செலவு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மிச்சம் இருக்கறதுல தான் டீச்சர் ட்ரெயினிங், வயலின், பெயின்ட், அதோட வெளிய இருந்து நம்மள மாதிரி ஆளுங்களைக் கூப்பிட்டு நடத்தற பார்ட்னர்ஷிப் நிகழ்ச்சி எல்லாமே. நான் ஒரு ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன். மொத்தத்துல 70 சதவீதத்தைப் பிள்ளைங்க தலைக்கணக்குல பிரிக்கறாங்க, 30 சதவீதம் வசதி கம்மியான குடும்பத்துப் பிள்ளைங்க எவ்வளவு பேர்ங்கறத வெச்சு. ஸ்டேட் முழுக்க சுமார் 58 லட்சம் பிள்ளைங்க, அப்ப அந்த 70 சதவீதத்துல தலைக்கு 110 டாலர் சொச்சம் வருது. 600 பேர் படிக்கற ஒரு எலிமென்டரி ஸ்கூலுக்கு 67,000 டாலர் பக்கம், ஃப்ரீமான்ட் மாதிரி வசதியான ஊர்ல அந்த இன்னொரு 30 சதவீதப் பங்கு ரொம்ப ஏறாது. 67,000ல 80 சதவீதம் போனா வெளிய இருந்து வர்றவங்களுக்கும் பெயின்டுக்கும் சேத்து ஒரு 13,000. ஒரு வருஷத்துக்கு. இதுக்காகவா நாம குரூப்ல ஒருத்தர ஒருத்தர் பிளாக் பண்ணிக்கிட்டோம்?

ஆனா ஒண்ணும் இல்லன்னும் சொல்ல மாட்டேன். கலைன்னா என்னென்னன்னு சட்டத்துல ஒரு நீளமான பட்டியல் இருக்கு, அதுல இசையும் நடனமும் இருக்கு. பறை, ஒயில், கும்மி எல்லாம் அதுக்குள்ள அடங்கும். இத நான் அச்சடிச்சு ஃபைல்ல வெச்சிருக்கேன், ஸ்கூலுக்குப் போறவங்க ஒரு காப்பி வாங்கிட்டுப் போங்க.

அப்படித்தான் மார்ச் மாசம் ஒரு எலிமென்டரி ஸ்கூலுக்கு நம்ம பறை அண்ணனும் பரதநாட்டிய அக்காவும் நானும் போனோம். பனி விழுந்த காலை, தோல் தொங்கிப் போச்சு, ஸ்கூல் பார்க்கிங் லாட்ல வைக்கோல் கொளுத்தி பறைய காய்ச்ச முடியுமா, ஃபயர் எஞ்சின் வந்துரும். அண்ணன் கார்ல இருந்து ஒரு ஹேர் ட்ரையர எடுத்தாரு, லைப்ரரி சுவத்துல பிளக்க மாட்டி பத்து நிமிஷம் சுத்திச் சுத்திக் காட்டினாரு, சின்னப் பிள்ளைங்க உக்கார்ற நாற்காலில முட்டி காதுல இடிக்க நாங்க உக்காந்திருந்தோம், பிரின்சிபல் வந்து பாத்து "தலைமுடி காயவைக்கறீங்களா ட்ரம்முக்கு?"ன்னு கேட்டாங்க. அடிச்சுக் காட்டினதும் அந்தம்மா முகமே மாறிடுச்சு, பக்கத்து கிளாஸ் கதவு திறந்து நாலு தலை எட்டிப் பாத்துச்சு. பிடிச்சிருந்துச்சுங்க அவங்களுக்கு, நிஜமாவே. அதுக்கப்புறம் தான் பேப்பர் வந்துச்சு: கைரேகை, டிபி டெஸ்ட், லயபிலிட்டி இன்ஷூரன்ஸ், டிகிரி. அக்காவுக்கு 22 வருஷ அனுபவம், சென்னைல வாங்கின நாட்டிய டிப்ளமோ, அந்த ஃபார்ம்ல டிப்ளமோவுக்குக் கட்டமே இல்ல. ஹை ஸ்கூல்னு டிக் பண்ணுங்கன்னு ஆஃபீஸ்ல இருந்த பொண்ணு சொல்லுச்சு. அக்கா பேனாவ மூடி வெச்சிட்டாங்க. திரும்பி வர்ற வழில ஒரு வார்த்தை பேசல.

அதனால தான் இத இவ்வளவு நீட்டறேன். 13,000க்கு வரிசைல நிக்கறத விட அந்த 80 சதவீதத்துக்குள்ள நுழைய வழி இருக்கான்னு நாம பாக்கணும்ங்கறது என் கருத்து, செயற்குழுவுல எல்லாரும் ஒத்துக்கல. அந்த 80 சதவீதம் கிரெடென்ஷியல், அதாவது டீச்சர் லைசென்ஸ், இருக்கறவங்களுக்கு மட்டும்னு பலரும் நெனச்சுட்டிருக்காங்க, அப்படி இல்ல. கிளாஸிஃபைட் ஊழியர்னு, அதாவது டீச்சர் லைசென்ஸ் இல்லாம ஸ்கூல் சம்பளத்துல வேலை பாக்கறவங்களையும் இதுல வைக்கலாம், அவங்க டீச்சரோட சேந்து கிளாஸ் எடுக்கலாம். ஹை ஸ்கூல்னா தொழிற்கல்விக்கான சிடிஇ கிரெடென்ஷியல்னு ஒண்ணு, துறைல 3 வருஷ வேலை அனுபவம், அதாவது 3,000 மணி நேரம் காட்டணும், டிகிரி கேக்க மாட்டாங்க. இளசுங்களுக்கு இன்னொண்ணு, முன்ன நடனம் சொல்லித்தர பிஈ, அதாவது உடற்கல்வி டீச்சர் லைசென்ஸ் எடுத்தாகணும், 2016ல சட்டத்த மாத்தி நடனத்துக்கே தனி கிரெடென்ஷியல் கொண்டு வந்துட்டாங்க. நம்ம வீட்டுப் பிள்ளைங்க அரங்கேற்றம் முடிச்சு கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கமே ஓடுது, ஒண்ணு ரெண்டு இந்தப் பக்கம் வந்தா என்ன குறைஞ்சுடும்? சரி, அது வேற பேச்சு.

இன்னொரு எச்சரிக்கை. இந்தக் காசு ஏற்கனவே இருக்கறதுக்கு மேல சேக்கத்தான், பழைய சம்பளத்த இதுல குடுத்துட்டு பழைய காச வேற வழில திருப்பக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸ் டிஸ்ட்ரிக்ட் அப்படிப் பண்ணிடுச்சுன்னு 2025 பிப்ரவரில கேஸ் போட்டிருக்காங்க, போட்டவர்ல ஒருத்தர் ஆஸ்டின் பூட்னர், பிராப் 28ஐ எழுதினவரே அவரு தான், அதுக்கு முன்ன அதே டிஸ்ட்ரிக்ட்டுக்கு சூப்பரின்டென்டென்டா இருந்தவரு. டிஸ்ட்ரிக்ட் அத மறுத்துச்சு. நம்ம பக்கம் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க கேஸ் எல்லாம் போட வேண்டாம், ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் எத்தனை ஆள் வெச்சோம், எத்தனை பிள்ளைங்களுக்குப் போச்சுன்னு வருஷா வருஷம் ரிப்போர்ட் போட்டு ஆகணும், வெப்சைட்ல இருக்கும். வந்த காச 3 வருஷத்துக்குள்ள செலவு பண்ணலன்னா திருப்பிக் குடுத்துடணும். முதல் வருஷ காசுக்குக் கெடு 2026 ஜூன், இப்படி ஒவ்வொரு வருஷக் காசுக்கும் கெடு நெருங்கறப்ப ஸ்கூல்கள் ஆள் தேடும்.

செயற்குழு முடிவு ரெண்டு. சங்கம் பேர்ல இன்ஷூரன்ஸ் எடுக்கறோம், ஆளாளுக்கு தனித்தனியா அலைய வேண்டாம். கைரேகை குடுக்க விருப்பம் உள்ளவங்க பேர என்கிட்ட குடுங்க, கட்டணம் பாதி சங்கம் போடும். அக்காவோட சென்னை டிப்ளமோவ மதிப்பீட்டுக்கு அனுப்பியிருக்கோம், பதில் இன்னும் வரல.

பொருளாளர் இப்ப கணக்கு வாசிப்பாங்க. அந்த ஹேர் ட்ரையர் இன்னும் என் கார் டிக்கில தான் கெடக்கு, அண்ணன் தன்னோடது இல்லைங்கறாரு, பட்டறைல விட்டுட்டுப் போனவங்க யாரோ அவங்க போகும்போது வாங்கிக்கங்க.